பறங்கிச் சாமியும் குதிரை முட்டையும்

2020 அக்டோபரில் குன்னத்து ஏரியில் முட்டை கிடைத்தது. கோழி முட்டை இல்லை, டைனோசர் முட்டை. பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்தில் ஏரி மண்ணுக்குள்ளிருந்து உருண்டை உருண்டையாகக் கற்கள் வெளியே வந்தன. யாரோ ஒரு புண்ணியவான் செல்போனில் படம் பிடித்து நாலு குழுவுக்குத் தட்டிவிட்டார். அவ்வளவுதான், டைனோசர் வந்துவிட்டது. நிலவியல் படித்தவர்கள் வந்து பார்த்து, "இது முட்டை இல்லை, அம்மோனைட் என்ற பழைய கடல் உயிரியைச் சுற்றிப் படிவு சேர்ந்து இறுகிய கல்" என்றார்கள். கூட்டத்துக்கு முகம் விழுந்துவிட்டது. கல்லைப் பார்க்கவா வெயிலில் வந்தோம்?

கூட்டத்தைக் குற்றம் சொல்ல மாட்டேன். பெரம்பலூரும் அரியலூரும் ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் கிடந்த ஊர்கள். கடல் போகும்போது சுண்ணாம்புக்கல்லையும் சுறாப்பல்லையும் விட்டுவிட்டுப் போனது. 2009இல் செந்துறைப் பக்கம் நிஜமாகவே டைனோசர் முட்டைகள் கிடைத்ததாகச் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அறிவித்ததும் உண்டு. ஒருமுறை முட்டை பார்த்த ஊருக்கு உருண்டையாக எது கிடந்தாலும் முட்டைதான். அதிலும் அரியலூர் சாதாரண ஊர் இல்லை. 2001இல் மாவட்டமாகப் பிறந்து, 2002இல் உயிரைவிட்டுப் பெரம்பலூரோடு ஐக்கியமாகி, 2007இல் மறுபடி உயிர்த்தெழுந்த மாவட்டம் அது. ஏசுவுக்கு மூன்று நாள் ஆயிற்று. அரசாணைக்கு ஐந்து வருடத்துக்கு மேல்.

இந்த முட்டை விவகாரத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்ததற்கு வேறு காரணம் உண்டு. கொள்ளிடக் கரைக்கு அருகே, இதே அரியலூர்ச் சீமையில் ஏலாக்குறிச்சி என்று ஒரு ஊர். ஏறக்குறைய முந்நூறு வருடத்துக்கு முன்னால், அந்த ஊரைத் தன் ஊராக்கிக்கொண்ட ஒரு மனிதர்தான் தமிழில் முதன்முதலாகக் குதிரைக்கு முட்டை போடச் சொல்லிக்கொடுத்தவர். பெயர் கொன்ஸ்தான்சோ ஜோசப் பெஸ்கி. நமக்கு வீரமாமுனிவர்.

பாடப்புத்தகத்தில் அவரைப் பற்றி நாம் படித்தது மூன்று வரி. இத்தாலியில் பிறந்தார், தமிழ் கற்றார், தேம்பாவணி பாடினார். ஏதோ கப்பலை விட்டு இறங்கும்போதே ஆசிரிய விருத்தத்தோடு இறங்கிய மாதிரி. உண்மையில் அவர் இறங்கியபோது இந்த நாடு அவருக்கு வைத்த பெயர் ஒன்று உண்டு. அது பறங்கி.

1680இல் வட இத்தாலியில் காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்தவர். சேசு சபையில் சேர்ந்து லத்தீன், இறையியல் எல்லாம் கரைத்துக் குடித்து, 1710இல் கோவாவில் வந்து இறங்கி, அடுத்த வருடம் மதுரை மிஷனுக்கு வந்தார். ஐரோப்பாவிலிருந்து கிளம்புகிற எந்தச் சாமியாரும் மனதில் போட்டுக்கொண்டு வருகிற படம் ஒன்றுதான்: நாம் மேலே, அவர்கள் கீழே, நாம் குனிந்து கைகொடுத்துத் தூக்கிவிடப் போகிறோம். இங்கே வந்து பார்த்தால் ஏணி ஏற்கெனவே சாத்தியிருந்தது. அதன் மேல்படியில் ஆள் உட்கார்ந்திருந்தார். கீழ்ப்படிக்கும் கீழே, சேற்றில், இவருக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள்.

பறங்கி என்றால் யார்? மாடு தின்பான், சாராயம் குடிப்பான், குளிக்க மாட்டான், செருப்போடு உள்ளே வருவான். கடலோரத்தில் போர்த்துக்கீசியரைப் பார்த்துத் தமிழன் எழுதிக்கொண்ட அகராதி இது. நியாயமாகச் சொன்னால், குளியல் விஷயத்தில் அகராதி ரொம்பத் தப்பில்லை. மதுரையில் முதலில் உட்கார்ந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற பாதிரியார் வருடக்கணக்கில் பாடுபட்டும் உள்ளூர்ப் பெரிய சாதிக்காரர் ஒருவரும் வரவில்லை. 'பறங்கி மார்க்கத்தில் சேருகிறாயா?' என்பதே அவர் கேட்ட கேள்வி என்றால் எவன் வருவான்? 1606இல் வந்த ராபர்ட் தெ நொபிலிக்குத்தான் விஷயம் பிடிபட்டது. அவர் வேதத்தில் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. சட்டையை மாற்றினார். காவி கட்டினார், சைவம் சாப்பிட்டார், "நான் பறங்கி இல்லை" என்று எழுதியே ஒட்டினார். கூட்டம் வந்தது.

நூறு வருடம் கழித்து வந்த பெஸ்கி அந்தப் பள்ளியில் படித்த மாணவர். ஆனால் இரவல் காவி கட்டினால் போதும் என்று நினைத்தவரையும் சீமை சும்மா விடவில்லை. தெற்கே ஊழியம் பார்த்த காலத்தில் பிடிபட்டு, உயிருக்கே ஆபத்தாகித் தப்பியவர் அவர். கையில் சிலுவை, மனதில் அரிஸ்டாட்டில், ஆனால் ஊர்க்காவலன் பார்வையில் பறங்கிப் பயல். பிறப்பில் தனக்கு உயர்வு உண்டு என்று நம்பிய ஒருவன், இன்னொரு ஊரில் அதே பிறப்பே தனக்குத் தாழ்வு என்று தெரிந்துகொள்ளும் அந்த நாள் இருக்கிறதே, அது ஆயிரம் பிரசங்கத்துக்குச் சமம். உயர்வு தாழ்வு என்பது உடம்பில் இல்லை, உடுப்பில் இருக்கிறது என்று அன்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

புரிந்தவர் என்ன செய்தார்? ஏணியைத் தூக்கி எறிந்தார் என்று எழுதத்தான் ஆசை. அவர் உடுப்பை மாற்றினார்.

1822இல் முத்துசாமிப் பிள்ளை என்பவர் முனிவரின் சரித்திரத்தை எழுதினார். அதில் வரும் உடுப்பைப் பார்த்தால், இன்று கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளைக்கு மேக்கப் போடுகிறவர் வெட்கப்பட்டு ஓடிவிடுவார். நெற்றியில் சந்தனம், காதில் முத்துக் கடுக்கன், இடுப்பிலிருந்து கணுக்கால் வரை வேட்டி, அதற்குமேல் அங்கி, உட்காரப் புலித்தோல், போகப் பல்லக்கு, தலைக்கு மேல் பட்டுக்குடை, இரு பக்கமும் விசிற ஆள். அதோடு விட்டாரா? திருச்சிராப்பள்ளியை ஆண்ட நவாப் சந்தா சாகிப்பைப் பார்க்க வேண்டும் என்பதற்காக மூன்றே மாதத்தில் பாரசீகம் கற்றார், நவாப் மயங்கி ஊர்களை இனாமாகக் கொடுத்தார், 'இஸ்மத்தி சந்நியாசி' என்று பட்டமும் கொடுத்தார் என்று கதை ஓடுகிறது. வரலாற்றுக்காரர்கள் பலர் இதில் பாதியை நம்புவதில்லை. நான் கடுக்கனை நம்புகிறேன், மூன்று மாதப் பாரசீகத்தை நம்பவில்லை. ஆனாலும் ஒன்று கவனியுங்கள். முனிவரைப் புகழ நினைத்த ஆள், அவர் காலில் செருப்பில்லாமல் நடந்தார் என்று கதை கட்டவில்லை. பல்லக்கில் போனார் என்று கட்டினார். குரு என்றால் பல்லக்கு. நடந்து போகிறவன் குருவா, தபால்காரனா?

ஏலாக்குறிச்சிக்கு அவர் வைத்த பெயர் திருக்காவலூர். அங்கே அடைக்கல மாதாவுக்குக் கோயில் கட்டினார். அந்தக் கோயிலில் இன்றும் சொல்கிற கதை இது: அரியலூரை ஆண்ட மழவராயருக்கு ராஜபிளவை வந்தது. அரண்மனை வைத்தியர்கள் கைவிட்டார்கள். முனிவர் மாதாவை வேண்டிக்கொண்டு அங்கிருந்த சேற்றை எடுத்துப் பூசினார். பிளவை ஆறியது. மழவராயர் நிலம் கொடுத்தார். 'ராஜ'பிளவை என்று பெயர் வைத்ததே அது ராஜாவுக்கு வந்ததால்தான் என்பது என் சந்தேகம். குடியானவனுக்கு வந்தால் அது வெறும் கட்டி. அதற்கு யாரும் நிலம் எழுதி வைப்பதில்லை.

கோயிலுக்குள் உட்கார்ந்து அவர் செய்த வேலைதான் மலைக்க வைக்கிறது. 3615 பாட்டில் தேம்பாவணி. அதில் சூசையப்பர் வளன் ஆகிவிட்டார். யூதேயா நாடு பாலைவனமும் முள்ளும் கல்லும் என்று நினைத்திருப்பீர்கள். முனிவர் கணக்கில் அங்கே மழை தவறாது, வயல் விளையும், தாமரை பூக்கும். கொள்ளிடக் கரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினால் ஜெருசலேமுக்கும் பாசன வசதி வந்துவிடும்போல. 1732இல் சதுரகராதி. அதுவரை சொல்லுக்குப் பொருள் வேண்டுமானால் நிகண்டுச் செய்யுளை மனப்பாடம் செய்ய வேண்டும். இவர் அகர வரிசையில் அடுக்கிப் போட்டார். அன்றோடு தமிழ்ப் புலவருக்கு ஞாபகசக்தியால் வந்த மரியாதையில் பாதி போயிற்று.

எழுத்தையும் விடவில்லை. அதற்கு முன் ஓலையில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வித்தியாசம் ஒரு புள்ளிதான். புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று எழுதுகிறவன் புள்ளியையே விட்டுவிடுவான். அப்புறம் 'கொடி கொடுத்தான்' என்பதா, 'கோடி கொடுத்தான்' என்பதா? படிக்கிறவன் வசதிக்கு ஏற்றபடி. முனிவர் நெடிலுக்குத் தனி அடையாளம் போட்டுக் கொடுத்தார். நிலத்தகராறு வக்கீல்கள் அவருக்குச் சிலை வைத்திருக்கக் கூடாது. 1968இல் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி மெரினாவில் சிலை வைத்தது அரசாங்கம்தான்.

அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் சுப்பிரதீபக் கவிராயர் என்று சொல்வார்கள். அந்தக் கவிராயர் எழுதிய புகழ்பெற்ற நூல் கூளப்ப நாயக்கன் விறலிவிடு தூது. படித்தவர்களுக்குத் தெரியும், படிக்காதவர்கள் வீட்டில் பெரியவர்கள் இல்லாதபோது படியுங்கள். அப்பேர்ப்பட்ட வாத்தியாரிடம் பாடம் கேட்ட சீடர், திருக்குறளை லத்தீனில் பெயர்க்கும்போது அறத்துப்பாலையும் பொருட்பாலையும் முடித்துவிட்டுக் காமத்துப்பால் வாசலில் கும்பிட்டு நின்றுவிட்டார். இன்னொரு கூத்தும் உண்டு. தரங்கம்பாடியில் இருந்த லூத்தரன்களை வாழ்நாள் முழுக்கக் கண்டித்து எழுதினார். அவருடைய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738இல் அச்சுப் போட்டது யார்? அதே தரங்கம்பாடி லூத்தரன் அச்சகம். சண்டை வேறு, இலக்கணம் வேறு என்று நினைத்தார்கள். இன்று நம் கட்சிக்காரர்களிடம் இல்லாத குணம்.

இனி எச்சில் விவகாரம். இதைச் சொல்லாமல் அந்தக் காலத்துச் சாமியார்களின் நிலைமை புரியாது.

ரோமாபுரி முறைப்படி ஞானஸ்நானம் கொடுக்கும்போது சாமியார் தன் எச்சிலை விரலில் தொட்டுக் குழந்தையின் காதிலும் மூக்கிலும் வைக்க வேண்டும். யாரோ ஒருவர் எச்சிலைத் தன் குழந்தை முகத்தில் வைக்கத் தமிழ்த் தாய் விடுவாளா? எச்சில் இலையைத் தாண்டினாலே குளிக்கச் சொல்கிற ஊர். மதுரை மிஷன்காரர்கள் புத்திசாலிகள். எச்சிலைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டார்கள். கோள் மூட்ட ஆளா இல்லை? போப்பின் தூதராகத் துர்னோன் என்பவர் சீனாவுக்குப் போகிற வழியில் புதுச்சேரியில் இறங்கினார். உடம்பு சரியில்லை. மதுரைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. படுத்த இடத்திலிருந்தே 1704இல் ஆணை போட்டார்: எச்சில் வை. தாலியில் பிள்ளையார் கூடாது. கல்யாணத்தில் தேங்காய் உடைக்கும் சடங்கு கூடாது. நீறு பூசாதே. தீட்டு என்று பெண்களைக் கோயிலுக்கு வெளியே நிறுத்தாதே. பறையர் வீட்டில் நோயாளி கிடந்தால், சாமியாரே வீட்டுக்குள் போய்ப் பார்.

கடைசி இரண்டையும் படித்ததும் துர்னோன் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்று ஒப்புக்கொள்கிறேன். படுக்கையில் கிடந்தாலும் மனிதனுக்குக் கண் தெரிந்திருக்கிறது. ஏனென்றால் மேல்சாதிக்காரர் கோபித்துக்கொள்வார் என்று பயந்து, சாகக் கிடக்கிறவரைக் கட்டிலோடு வெளியே தூக்கிவரச் சொல்லிப் பாவமன்னிப்புக் கொடுத்தவர்கள் இந்தக் காவிச் சாமியார்கள். பறங்கி என்று ஒதுக்கப்பட்ட வலி தெரிந்த ஆட்கள்தான், அந்த வலியை அடுத்த படியில் இருந்தவருக்கு இறக்கிவைத்தார்கள். எச்சில் முதல் சேரி வரை, கடிதம் கடிதமாக ரோமுக்கும் மதுரைக்கும் நாற்பது வருடம் தபால் போய் வந்தது. 1744இல் போப் பதினான்காம் பெனடிக்ட் முடிவாக ஆணை போட்டார். சேரிக்கு யார் போவது என்ற கேள்விக்குக் கிடைத்த தீர்வு அற்புதமானது: மேல்சாதிக்குத் தனிச் சாமியார், பறையருக்குத் தனிச் சாமியார். சொர்க்கத்துக்கு ஒரே வாசல்தான். வரிசை மட்டும் இரண்டு. டீக்கடை இரட்டைக் குவளைக்கு அண்ணன் இது.

இந்தக் கடிதப் போக்குவரத்துக்கு நடுவில் வாழ்ந்தவர்தான் பெஸ்கி. இப்போது பரமார்த்த குருவுக்கு வாருங்கள்.

கதை தெரியும். குரு ஒருவர். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். ஆறு தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையை வைத்துப் பார்ப்பார்கள். கரையேறியதும் தன்னை விட்டுவிட்டு எண்ணி, ஒரு ஆள் குறைகிறது என்று அழுவார்கள். குருவுக்குக் குதிரை வேண்டும் என்று போய்ப் பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று வாங்கி வருவார்கள். வழியில் அது விழுந்து உடைய, புதரிலிருந்து முயல் ஓட, 'ஐயோ, குட்டி ஓடுகிறதே!' என்று துரத்துவார்கள். இதை எழுதியது தேம்பாவணி பாடிய அதே கை. 3615 பாட்டை எத்தனை பேர் முழுக்கப் படித்திருப்பார்கள் என்று தமிழ் எம்.ஏ. வகுப்பில் கேட்டுப் பாருங்கள், எல்லோரும் ஜன்னலைப் பார்ப்பார்கள். குதிரை முட்டை தெரியாத குழந்தை கிடையாது. பெஞ்சமின் பாபிங்டன் என்ற ஆங்கிலேயர் 1822இல் லண்டனில் இதை மொழிபெயர்த்து வெளியிட்டார். நம் மடையன் அப்படிக் கடல் தாண்டினான்.

இந்து மடாதிபதிகளைக் கிண்டல் செய்யப் பாதிரியார் எழுதிய கதை என்று சிலர் கோபப்படுவதுண்டு. கோபப்பட நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இந்தக் கதையை அவர் எதற்கு எழுதினார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஊருக்குப் பிரசங்கம் செய்ய இல்லை. புதிதாகக் கப்பலிறங்கி வரும் ஐரோப்பியச் சாமியார்கள் பேச்சுத் தமிழ் பழக வேண்டும் என்று, பக்கத்திலேயே லத்தீன் வைத்து எழுதிக் கொடுத்த பாடம் அது. காவி கட்டிக் குருவாகப் போகிற பறங்கி, முதல் தமிழ்ப் பாடமாக உரக்கப் படிப்பது எதை? குதிரை ஏறி மரியாதையாகப் போக ஆசைப்பட்டு முட்டாளாகும் ஒரு குருவின் கதையை. 'குரு' என்ற சொல்லை உச்சரிக்கும் முன்பே அந்தச் சொல்லைப் பார்த்துச் சிரிக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. இதில் யார் யாரைக் கிண்டல் செய்கிறார்கள்?

அதில் ஒரு இடம் உண்டு. கடைசியில் எப்படியோ கிழட்டுக் குதிரை ஒன்று கிடைத்து குரு ஏறிப் போகிறார். தலைப்பாகை விழுகிறது. சீடர் எடுக்கவில்லை, 'எடுக்கச் சொல்லவில்லையே.' 'விழுகிறதையெல்லாம் எடுக்க வேண்டாமா?' என்று குரு திட்ட, அடுத்து விழுந்த குதிரைச் சாணத்தையும் அதே தலைப்பாகையில் பத்திரமாக ஏந்திக் கொடுக்கிறார்கள். வெறுத்துப்போன குரு, எதையெல்லாம் எடுக்கலாம் என்று ஓலையில் பட்டியல் எழுதிக் கொடுக்கிறார். கொஞ்ச தூரத்தில் குருவே பள்ளத்தில் விழுகிறார். சீடர்கள் ஓலையை எடுத்து வாசிக்கிறார்கள். வேட்டி இருக்கிறது, தலைப்பாகை இருக்கிறது. குரு இல்லை. 'உங்களைத் தூக்கச் சொல்லி இதில் எழுதவில்லையே!' பள்ளத்தில் கிடந்தபடியே தன்னையும் பட்டியலில் சேர்த்து எழுதிக் கொடுத்த பிறகுதான் தூக்குகிறார்கள்.

தாலுகா ஆபீஸ் வாசலில் நின்ற யாருக்கும் இது முட்டாள் சீடர் கதை இல்லை, நேற்று நடந்த சமாச்சாரம். எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. சேரியில் ஒருவர் சாகக் கிடக்க, உள்ளே போகலாமா கூடாதா என்று ரோமிலிருந்து ஓலை வரட்டும் என நாற்பது வருடம் வெளியே நின்றவர்கள் பெஸ்கியின் கூட்டாளிகள். பட்டியலில் இல்லாத மனிதனைப் பள்ளத்திலிருந்து தூக்காத சீடர்களை அவர் எங்கே பார்த்திருப்பார்? இதை நினைத்துத்தான் எழுதினாரா என்று என்னைக் கேட்காதீர்கள். ஏணியை அசைக்கத் துணியாதவர், அதைப் பார்த்து ஒருமுறை வாய்விட்டுச் சிரித்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பிடித்திருக்கிறது.

1741இல் மராட்டியர் திருச்சிராப்பள்ளியைப் பிடித்து சந்தா சாகிப்பைக் கொண்டுபோனார்கள். அந்தக் கலவர காலத்தில் முனிவர் இந்தச் சீமையை விட்டுத் தெற்கே கடலோரம் போனார். கடைசியில் கேரளத்து அம்பழக்காட்டில் 1747இல் கண்மூடினார். திருக்காவலூர் மறுபடி ஏலாக்குறிச்சி ஆயிற்று. மாதா கோயிலுக்கு இன்றும் எல்லாச் சாமியையும் கும்பிடுகிறவர்கள் வருகிறார்கள். பல்லக்கு போன இடம் தெரியவில்லை.

ஒரு சின்ன விஷயம் மட்டும் பாக்கி. தமிழில் அந்தக் காய்க்கு இரண்டு வகை, இரண்டு பெயர். ஒன்று பூசணிக்காய். இன்னொன்று, வெளிநாட்டிலிருந்து வந்ததால் நாம் பெயர் வைத்த பறங்கிக்காய். குதிரை முட்டையாக விற்க அவர் தேர்ந்தெடுத்தது சாம்பல் பூசணியை. அந்த இன்னொரு பெயரைத் தன் கையால் எழுத மனிதருக்கு மனசு வரவில்லை.